உங்களுக்குத் தெரியுமா? கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரு பாலிசி

அக்கா மகன் எம்.எஸ். படிக்க டெக்சஸ் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"மாமா, லீஸ்ல கையெழுத்துப் போடணும்னா ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் காட்டணுமாம். மாசம் பதினஞ்சு டாலர் கேக்குறான். எடுக்கட்டுமா?"

"உன்கிட்ட திருட என்னடா இருக்கு? ரெண்டு பெட்டி, ஒரு குக்கர். இதுக்குப் போய் இன்சூரன்ஸா?"

அன்றைக்குப் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன். விசாரித்துப் பார்த்த பிறகுதான் நான் பேசியது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. 2023–24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அவர்களை அனுப்பிவைத்த வீடுகளில் என்னைப் போல எத்தனை மாமாக்கள் இதே பதிலைச் சொன்னார்களோ! பிராயச்சித்தமாக, இந்த வாடகைக்காரர் காப்பீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதையெல்லாம் இங்கே கொட்டிவிடுகிறேன்.

◆ "வீட்டுக்காரர்தான் இன்சூரன்ஸ் எடுத்திருப்பாரே?" எடுத்திருப்பார். அது அவருடைய சுவருக்கும் கூரைக்கும். உள்ளே இருக்கும் உங்கள் மெத்தை, மேசை, மடிக்கணினி எதுவும் அந்தக் கணக்கில் சேராது. கட்டடம் எரிந்தால் அவருக்குக் காசு வரும். உங்களுக்கு அனுதாபம் வரும்.

◆ அமெரிக்காவில் வாடகைக்காரர்களுக்கான பொதுவான பாலிசிப் படிவத்தின் பெயர் 'எச்.ஓ.-4'. சொந்த வீட்டுக்காரருக்கு எச்.ஓ.-3, அடுக்குமாடியில் சொந்தமாக ஃபிளாட் வைத்திருப்பவருக்கு எச்.ஓ.-6. இதில் 'எச்.ஓ.' என்பதற்கு விரிவு 'ஹோம் ஓனர்ஸ்'. கையகலம் நிலம் இல்லாதவனையும் வீட்டு உரிமையாளர் வரிசையில் உட்காரவைத்த ஒரே இடம் இந்தப் படிவம்தான்.

◆ இந்தப் படிவம் எல்லா நஷ்டத்துக்கும் பணம் தராது. 16 ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஒன்றால் பொருள் போனால்தான் பணம். தீ, இடி, புயல், கலவரம், புகை, திருட்டு, பனியின் பாரம், குழாய் உறைந்து வெடிப்பது என்று போகிற பட்டியலில் எரிமலையும் உண்டு. 'விமானம்' என்ற இனத்துக்குள் விண்கலத்தையும் சேர்த்திருக்கிறார்கள். சிரிக்க வேண்டாம். 2024 மார்ச் 8 அன்று ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ஒரு வீட்டின் கூரையைத் துளைத்துக்கொண்டு முக்கால் கிலோ எடையுள்ள ஓர் உலோகத் துண்டு விழுந்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து கழித்துவிட்ட பேட்டரிச் சுமையின் மிச்சம் அது என்று நாசாவே பிறகு ஒப்புக்கொண்டது.

◆ இனி விஷயத்துக்கு வருவோம். இந்தப் பாலிசியில் பொருளுக்கான காப்பு ஒரு பாதிதான். மறுபாதிக்குப் பெயர் 'லயபிலிட்டி': உங்கள் கவனக்குறைவால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு. சாதாரணமாக இதன் தொடக்க வரம்பே 1,00,000 டாலர். மாதம் பத்து, பதினைந்து, இருபது டாலருக்குக் கிடைப்பதில் நிஜமான சரக்கு இதுதான். லீஸில் வீட்டுக்காரர் கேட்பதும் இதைத்தான். உங்கள் குக்கர் மேல் அவருக்கு ஒன்றும் கரிசனம் இல்லை.

ஓர் உதாரணம். விடுதி அறைக் கூரையில் பித்தளைப் பூ மாதிரி ஒன்று தொங்கும். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர். அதன் நடுவில் சுண்டு விரல் நகத்தைவிட ஒல்லியாக ஒரு கண்ணாடிக் குப்பி. பெரும்பாலும் உள்ளே சிவப்புத் திரவம். சிவப்பென்றால் 68 டிகிரி செல்சியஸில் குப்பி வெடித்துத் தண்ணீர் பாயும் என்று பொருள். துவைத்த சட்டையை ஹேங்கரோடு மாட்ட நம் பையன்களுக்கு அதைவிட வாகான கொக்கி கிடைப்பதில்லை. ஈரச் சட்டையின் கனம், ஹேங்கரை எடுக்கும்போது ஓர் இழுப்பு. குப்பி நொறுங்கும். சினிமாவில் காட்டுவது போல எல்லா ஸ்பிரிங்க்ளரும் சேர்ந்து பொழியாது, அந்த ஒன்று மட்டும்தான். அந்த ஒன்றே நிமிடத்துக்கு ஐம்பது லிட்டர் அளவில் கொட்டும். வால்வை மூட ஆள் வருவதற்குப் பத்து நிமிடம் ஆனால், ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நடு அறையில் கவிழ்த்த மாதிரி. அந்தத் தண்ணீர் உங்கள் தரையோடு நிற்குமா? கீழ்வீட்டுக்காரரின் சோபா, டிவி, கார்ப்பெட் என்று இறங்கிக்கொண்டே போகும். பில் மட்டும் மேலே ஏறி வரும்.

அதில் ஒரு சூட்சுமம். கீழ்வீட்டுக்காரரின் சோபாவுக்கு லயபிலிட்டி பணம் கட்டும். நீங்களே குடியிருக்கும் அந்த வீட்டின் தரைக்கு? பல பாலிசிகளில் உங்கள் வசம் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் விளைவித்த சேதம் சேராது. தீ, புகை, வெடிப்பு மூன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. தண்ணீர் அந்த மூன்றில் இல்லை. ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ஹேங்கரை அலமாரியில் மாட்டச் சொல்லுங்கள்; அது எந்தப் பாலிசியையும்விட மலிவு.

◆ வாடகைக்காரர் தலையில் பில் விழுமா என்ற கேள்விக்குச் சட்டக் கல்லூரிகளில் ஒரு புகழ்பெற்ற வழக்கைப் படிக்கிறார்கள். 1975, ஓக்லஹோமா மாநிலம், 'சட்டன் எதிர் ஜான்டால்'. வாடகைக்குக் குடியிருந்தவரின் பத்து வயதுப் பையன், பாப்கார்ன் பொரிக்கும் மின்கருவியில் வேதியியல் பெட்டியின் மருந்துகளைச் சூடாக்கி விளையாடியிருக்கிறான். நெருப்பு திரைச்சீலையைப் பிடித்தது. வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம், கொடுத்த பணத்தை வாடகைக்காரரிடம் வசூலிக்க வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்துக்குக் கைவிரித்தது. வாடகையில்தானே வீட்டுக்காரரின் பிரீமியமும் அடங்கியிருக்கிறது, அப்படியென்றால் வாடகைக்காரரும் அந்தப் பாலிசியில் பங்காளிதான் என்பது வாதம். 'சட்டன் விதி' என்று இதற்குப் பெயரே விழுந்துவிட்டது. ஆனால் எல்லா மாநிலமும் இதை ஏற்கவில்லை. சில மாநிலங்களில் லீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். சில இடங்களில் வாடகைக்காரர் மேல் வழக்குப் போடத் தடையே இல்லை. மாநில எல்லையைத் தாண்டினால் நியாயமும் மாறும் நாடு அது.

◆ மாணவர் விடுதித் தீவிபத்துகளுக்கு முதல் காரணம் சமையல் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். நேரம்: பெரும்பாலும் மாலை 5 முதல் இரவு 11 வரை. அதாவது வகுப்பு முடிந்து வந்து, அப்பளம் பொரிக்க எண்ணெயை வைத்துவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிற நேரம். தாளித்த கடுகுக்கே ஸ்மோக் அலாரம் அலறுகிறது என்று அதன் மேல் பிளாஸ்டிக் உறையைக் கட்டிவைக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. பேசிக்கொண்டே எண்ணெயை மறக்கிற நாளில்தான் அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் விலை தெரியும்.

◆ வீட்டுக்கு வந்த நண்பன் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டால்? 'மெடிக்கல் பேமென்ட்ஸ்' என்று ஒரு சின்னப் பிரிவு உண்டு. 1,000 முதல் 5,000 டாலர் வரை. யார் மேல் தப்பு என்று கேட்காமலே கொடுப்பார்கள். விழுந்தது நீங்கள் என்றால் கிடையாது. அதற்கு உங்கள் மருத்துவக் காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

◆ ஒரே மடிக்கணினி, ஐந்து கதைகள்:

நூலக மேசையில் வைத்துவிட்டுக் காபி வாங்கப் போனபோது யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். பணம் உண்டு; பொருள் உலகத்தில் எங்கே இருந்தாலும் காப்பு தொடரும்.

காரின் பின்சீட்டில் இருந்தது, கண்ணாடியை உடைத்து எடுத்துவிட்டார்கள். மடிக்கணினிக்கு உண்டு. உடைந்த கண்ணாடிக்கு இல்லை, அது கார் இன்சூரன்ஸின் பாடு.

இடி விழுந்து கருகிவிட்டது. உண்டு.

மின்கம்பியில் மின்னழுத்தம் ஏறி உள்ளே சர்க்யூட் பொசுங்கிவிட்டது. வழக்கமான படிவத்தில் இல்லை. மின்சாரச் சேதம் அந்த 16-இல் ஒன்றுதான். ஆனால் கணினியின் எலக்ட்ரானிக் பாகங்களை அந்த வரியிலேயே விலக்கி வைத்துவிட்டார்கள்.

ஃபில்டர் காபியைக் கீபோர்டில் கொட்டிவிட்டீர்கள். இல்லவே இல்லை. 16 ஆபத்துகளில் எரிமலைக்கு இடம் உண்டு, டபராவுக்கு இல்லை. கைதவறிப் போட்டு உடைப்பதற்கும் சேர்த்துக் காப்பு வேண்டுமென்றால் மாணவர்களுக்கென்றே விற்கும் தனிப் பாலிசிகளைத் தேட வேண்டும்.

◆ 'காணோம்' என்பதும் 'திருட்டுப் போச்சு' என்பதும் நமக்கு ஒன்றுதான். இன்சூரன்ஸ் ஆளுக்கு வேறு வேறு. "எங்கே வைத்தேன் என்றே ஞாபகம் இல்லை" என்றால் கதை முடிந்தது. "நேற்று மாலை இந்த மேசையில் வைத்தேன், திரும்பி வந்தால் இல்லை" என்றால் திருட்டாகக் கருத இடம் உண்டு. போலீஸில் புகார் கொடுத்த எண்ணை முதலில் கேட்பார்கள்.

◆ அம்மா போட்டனுப்பிய நகை விஷயம். மொத்தப் பொருளுக்கு 20,000 டாலர் காப்பு என்று பாலிசியில் இருக்கும். ஆனால் நகை திருட்டுப் போனால் பரவலாக உள்ள உச்சவரம்பு 1,500 டாலர். எத்தனை நகை போனாலும் மொத்தமாக அவ்வளவுதான். ரொக்கத்துக்கு 200 டாலர். தங்கக் காசாக வைத்திருந்தால் அதுவும் இந்த 200-க்குள்ளேயே அடக்கம்! இப்போது தங்கம் விற்கிற விலைக்கு இரண்டு பவுன் சங்கிலி இந்த வரம்பில் எங்கே நிற்கும்? அதிகம் வேண்டுமென்றால் நகையைத் தனியாகக் குறிப்பிட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். அல்லது சங்கிலியை ஊரிலேயே விட்டுப் போக வேண்டும். என் ஓட்டு இரண்டாவதற்கு.

◆ 'டிடக்டிபிள்' என்பது உங்கள் கைப்பங்கு. 500 டாலர் என்று வைத்தால், நஷ்டத்தில் முதல் 500 உங்களுடையது. வாசலில் போட்டுவிட்டுப் போன 80 டாலர் பார்சல் களவுபோனதற்கெல்லாம் கிளெய்ம் போட்டுப் பயனில்லை.

இதோடு இன்னொரு சொல்லும் சேரும்போதுதான் கணக்கு உதைக்கும். மூன்று வருடம் முன்பு 1,200 டாலருக்கு வாங்கிய மடிக்கணினி களவுபோகிறது என்று வையுங்கள். பாலிசியில் 'ஆக்சுவல் கேஷ் வேல்யூ' என்றிருந்தால், தேய்மானம் கழித்து இன்றைக்கு அது 400 டாலர் பெறும் என்பார்கள். 500-ஐக் கழித்தால் கைக்கு வருவது சைபர். 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' என்றிருந்தால், அதே தரத்தில் புதிது 1,100 டாலர். கைப்பங்கு போக 600 கிடைக்கும். அதிலும் முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, புதிதை வாங்கி ரசீது காட்டிய பிறகு மீதியைத் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். இந்த இரண்டுக்கும் பிரீமியத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. விலை கேட்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் போனைக் கீழே வைக்கக் கூடாது.

◆ ஒரே சமையலறை, ஒரே அரிசி மூட்டை, மாதக் கடைசியில் ஒரே கணக்கு நோட்டு என்றாலும் ரூம்மேட் வேறு, நீங்கள் வேறு. பாலிசியில் அவன் பெயரும் இல்லையென்றால் அவன் பொருளுக்கு ஒரு காசும் வராது. பெயரைச் சேர்த்து ஒரே பாலிசியாக எடுக்கவும் சில நிறுவனங்கள் விடும். ஆனால் காப்பு வரம்பு இருவருக்கும் பொது, ஒருவன் போட்ட கிளெய்ம் மற்றவன் பதிவிலும் ஏறும். தனித்தனியாக எடுப்பதே நட்புக்கு நல்லது.

◆ உள்ளூர் அமெரிக்க மாணவர்களில் பலர் இதைத் தனியாக எடுக்காததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. முழுநேரமாகப் படிக்கும் 24 வயதுக்குட்பட்ட பிள்ளை, படிக்கப் போகும் முன் பெற்றோர் வீட்டில் இருந்தவன் என்றால், பெற்றோரின் வீட்டு பாலிசியே விடுதி வரை கை நீட்டும். வழக்கமாகப் பெற்றோரின் பொருள் காப்பில் 10 சதவீதம்: அவர்களுக்கு 1,00,000 டாலர் என்றால் பிள்ளைக்கு 10,000. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் திரும்பிப் போவதற்குள் அறையில் திருட்டு நடந்தால்? கடைசி 60 நாளுக்குள் அவன் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்றது 2000-ஆம் ஆண்டுப் படிவம். 2011 படிவத்தில் அது 90 நாள் ஆனது. நம் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. அப்பாவின் வீடு அம்பாசமுத்திரத்தில் அல்லவா இருக்கிறது.

◆ கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வேறு ஊர் போகும்போது அறையை மூன்று மாதத்துக்கு வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது நம்மவர்களிடையே சர்வ சாதாரணம். பொருள்களை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். நீங்கள் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்ட பகுதியிலிருந்து பொருள் திருடுபோனால் வழக்கமான படிவம் பணம் தராது.

◆ வெள்ளம் கிடையாது. பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் 200 இந்திய மாணவர்கள் வெள்ளத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் ட்விட்டரில் சொன்னது நினைவிருக்கலாம். அப்படி வெளியிலிருந்து ஏறிவரும் தண்ணீருக்கு அமெரிக்க மத்திய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தனியாக உண்டு. 1968-இல் தொடங்கியது, வாடகைக்காரர் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை. புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஓடிப்போய் எடுக்க முடியாது, பொதுவாக 30 நாள் காத்திருப்பு.

அதே டெக்சஸில் 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் வீடு வீடாகக் குழாய்கள் உறைந்து வெடித்தன. மேல்வீட்டுக் குழாய் வெடித்து உங்கள் கட்டிலில் கொட்டுவதற்குக் காப்பு உண்டு. தண்ணீர் தண்ணீர்தான், மேலிருந்து வந்ததா, தெருவிலிருந்து வந்ததா என்பதில் இருக்கிறது காசு.

நிலநடுக்கமும் வெளியேதான். கலிஃபோர்னியாவில் அதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நிறுவனங்கள் வீட்டுப் பாலிசி விற்கவே தயங்கியதால் 1996-இல் உருவானது.

◆ நம் ஊரில் இது தலைகீழ். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளமும் நிலநடுக்கமும் உள்ளேயே இருக்கின்றன. வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். ஆனால் சாதாரணத் திருட்டு அதில் இல்லை. வெள்ளமோ தீயோ வந்த ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்குத்தான் காப்பு. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்த காலத்தில் எனக்கிருந்த ஒரே காப்பீடு டிரங்குப் பெட்டியின் பூட்டுதான். சாவியைப் பூணூலில் முடிந்துவைத்திருந்த அறைத்தோழர் ஒருவர் இருந்தார். அவர் பிரீமியம் கட்டாத பாலிசிதாரர்.

◆ வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி, இரு வரி. பிரான்ஸில் குடியிருப்பை வாடகைக்கு எடுப்பவர் காப்பீடு வைத்திருப்பது 1989 ஜூலை 6-ஆம் தேதிச் சட்டப்படி கட்டாயம். பிரிட்டனில் மாணவர் சங்கமே 1965-இல் 'எண்ட்ஸ்லீ' என்ற காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே பல விடுதிகளில் பொருள் காப்பீடு வாடகையிலேயே அடங்கிவிடும், கேட்டுவிட்டு எடுக்கவும். ஜெர்மனியில் அடுத்தவருக்கு விளைவித்த சேதத்துக்கு உச்சவரம்பே இல்லாமல் நீங்கள் பொறுப்பு. விடுதிச் சாவியைத் தொலைத்தால் அந்தச் சாவி திறக்கும் கட்டடத்தின் பூட்டுகள் அத்தனையையும் மாற்றும் செலவு வந்து நிற்கக்கூடும். அதனால் அங்கே பொறுப்புக் காப்பீடு எடுக்கும்போது 'சாவி தொலைந்தால் உண்டா?' என்று கேட்பார்கள்.

◆ 2016 டிசம்பரில் நியூயார்க்கில் திருடுபோன 979 டாலர் குளிர்கோட்டு ஒன்றுக்கு மூன்றே விநாடியில் பணம் கொடுத்ததாக 'லெமனேட்' என்ற காப்பீட்டு நிறுவனம் பெருமையடித்துக்கொண்டது. மனிதர் யாரும் பார்க்கவில்லை, செயலியே தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். எல்லா கிளெய்மும் இப்படி என்று நம்பிவிட வேண்டாம்.

◆ பாலிசி காட்டாத மாணவரிடம் மாதம் இவ்வளவு என்று குடியிருப்பு நிர்வாகமே பிடித்துக்கொண்டு தன் பாலிசியில் சேர்ப்பது உண்டு. "எனக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கே" என்று பையன் நினைத்துக்கொள்வான். பல நேரம் அது கட்டடத்துக்கு அவனால் வரும் சேதத்துக்கு மட்டும். அவன் பொருள் அதில் இருக்காது.

◆ தீயில் எல்லாம் போன பிறகு "என்னென்ன இருந்தது, எழுதுங்கள்" என்று தாளை நீட்டுவார்கள். பதறிப்போன மனுஷனுக்குப் பாதிகூட ஞாபகம் வராது. ஆகவே குடிபோன அன்றே செல்போனில் அறையைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து, வேறு இடத்தில் சேமித்து வைக்கச் சொல்கிறார்கள். மருமகனிடம் சொன்னேன். பாலிசி எடுத்த கையோடு இரண்டு நிமிட வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டுவிட்டான். "இது மடிக்கணினி, வரிசை எண் பாருங்க மாமா. இது குக்கர், அஞ்சு லிட்டர். இது மெத்தை, பழசு, நாப்பது டாலர்." ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனான். நான் ஸ்பிரிங்க்ளரில் சட்டை தொங்குகிறதா என்று பார்த்தேன். அக்கா முழுவதையும் இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுதினாள்: "அந்த மெத்தைக்கு ஒரு உறை வாங்கிப் போடுடா."